சொற்குற்றமும் பதவி நீக்கமும்

வழங்குமொழியை ஆராயப் புகுந்த நன்னூலார் அதனை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக வகுத்தார். தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றினையும் அடக்கினார். அவருக்குப் பன்னூறாண்டுகள் முற்பட்ட தொல்காப்பியரும் அவையிற் கூறத்தகாத சொல்லுக்கு அவையல்கிளவி எனப் பெயரிட்டு, அதனை மறைத்துக் கூறுதலை மரபென்று கொண்டார். ஆகவே, அவையிற் பேசத்தகாதது யாது என்னும் வினா தமிழருக்குப் புதியதன்று. அதனைப் பேசிவிட்டானை அவை யாது செய்தல் வேண்டும் என்பது வேறொரு வினா. முன்னையதற்கு இலக்கணநூல் விடை கூறும், பின்னையதற்குக் கூறாது. இப்பின்னைய வினாவே கடந்த நாற்பதாண்டுகளாக ஐக்கிய அமெரிக்காவின் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களை அலைக்கழித்து வருகின்றது. ஒரு வாக்கியத்தின் பொருட்டு, சில வேளைகளில் ஒரு தனிச்சொல்லின் பொருட்டு, பல்லாண்டு பணிபுரிந்த உரையாளர்கள் ஒரே நாளிற் பதவி இழந்துள்ளனர். இவையனைத்தும் ‘அரசியற் சரித்தன்மை’யின் விளைவு என்று ஒரு சாரார் முறையிடுகின்றனர், சொன்னதற்குரிய பயனைச் சொன்னவர் அனுபவிக்கின்றனர், அவ்வளவே என்று மறுசாரார் கூறுகின்றனர். இவ்விரு கூற்றுக்களும் ஆராய்ச்சிக்கு நில்லா.

முதற்கண் அச்சொற்றொடரின் வரலாற்றை நோக்குதல் தகும். கட்சி வகுத்த நெறியினின்று இம்மியும் பிறழாதவனைக் குறித்துப் பொதுவுடைமையாளரிடையே தோன்றிய வழக்கு இது. 1970களில் அமெரிக்க இடதுசாரிகளும் பெண்விடுதலை இயக்கத்தினரும் இதனைத் தம்மைத் தாமே எள்ளி நகையாடும் சொல்லாகவும் பயன்படுத்தினர். 1990 ஒக்ரோபரில் ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில் ரிச்சார்ட் பேர்ண்ஸ்ரைன் எழுதிய கட்டுரை, பல்கலைக்கழகங்களில் இம்மனப்பாங்கு மேலோங்குகின்றதென்று கூறி அத்தொடரைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. 1991 மே 4ஆம் திகதி மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவிற் பேசிய சனாதிபதி ஜோர்ஜ் எச். டபிள்யூ. புஷ், பழைய தப்பெண்ணங்களை அகற்றப் புறப்பட்ட இவ்வியக்கம் அவற்றினிடத்திற் புதிய தப்பெண்ணங்களை வைக்கின்றதென்று கண்டித்தார். அதன் பின்னர் இத்தொடரைத் தம் கொள்கையின் பெயராகப் பெருமையுடன் சூடிக்கொண்டோர் மிகச் சிலரே. பிறர்மீது சுமத்தப்படும் பழிச்சொல்லாகவே இது நிலைபெற்றுவிட்டது. எதிரி ஒருவன் சூட்டிய பெயரைக் கொண்டு ஒரு பொருளின் இயல்பை அளவிடுவது இடர் மிகுந்த செயலாகும்.

நன்னூலார் வகுத்த மூன்றும் இங்கே ஓரளவு துணைபுரிகின்றன. இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். அது பொருளின் கடுமையை மறைக்கின்றது. இடக்கரடக்கலும் பொருளையே மறைக்கின்றது. ஆனால் ஓர் இனத்தாரை, ஒரு சமயத்தாரை, உடற்குறையுடையாரை எச்சொல்லால் அழைப்பது என்பது பொருளை மறைக்கும் முயற்சியன்று. அழைக்கப்படுபவர் அவையிலேயே இருக்கின்றார். அவர் காது கேட்கின்றது. அவருடைய மதிப்பைக் காக்கும் அச்சொல்லாட்சியைக் குறைகூற எவருக்கும் நியாயமில்லை. ஆயின் அதே சொல்லாட்சி, கற்றோர் குழுவில் தாமும் ஒருவர் என்று காட்டும் அடையாளமாக மாறிவிடுவதும் உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல அது குழூஉக்குறியாகி, குறி அறியாதவனைக் குற்றவாளியாக்கிவிடுகின்றது. அரசியற் சரித்தன்மை என்னும் ஒரே பெயர் இவ்விரண்டனையும் ஒருங்கே சுட்டுவதனாலேதான் வாதம் முடிவின்றி நீள்கின்றது.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோமாயின், 2010ஆம் ஆண்டு தனிக்கவனத்திற்குரியது. அவ்வாண்டு ஒக்ரோபர் 18ஆம் திகதி உவான் வில்லியம்ஸ் என்பார் பொக்ஸ் தொலைக்காட்சியில் பில் ஓரைலி நடத்திய நிகழ்ச்சியில் தோன்றினார். வில்லியம்ஸ் கறுப்பினத்தவர், கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் பற்றிய நூலை எழுதியவர், பத்தாண்டுகளாகத் தேசிய பொது வானொலியிற் பணிபுரிந்தவர். சில தினங்களுக்கு முன்னர் ஓரைலி பிறிதொரு நிகழ்ச்சியில், 2001 செப்ரெம்பர் 11ஆம் திகதி அமெரிக்கரைக் கொன்றவர்கள் முஸ்லிம்கள் என்று பொதுப்படக் கூறியதனால் எழுந்த சர்ச்சையே அன்றைய பேச்சின் பொருள். வில்லியம்ஸ் தாம் குறுகிய மனத்தினரல்லர் என்று தொடங்கி, ஆயினும் விமானத்தில் ஏறும்போது முஸ்லிம்களுக்குரிய உடையணிந்தோரைக் கண்டால் தம் உள்ளத்திற் கலக்கமும் அச்சமும் தோன்றுகின்றன என்று ஒப்புக்கொண்டார். இரண்டு நாட்களின் பின்னர் தேசிய பொது வானொலி அவருடைய ஒப்பந்தத்தை முறித்தது. செய்தி ஆய்வாளர் ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் நெறிகளுக்கு அவருடைய கூற்று முரணானது என்பதே கூறப்பட்ட காரணம். அம்முடிவு தொலைபேசி மூலமே அவருக்கு அறிவிக்கப்பட்டது. நேரிற் சென்று விளக்கமளிக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

அவருடைய கூற்று சரியானதா? அன்று. அதிலுள்ள பிழை எளிதிற் காட்டத்தக்கது. 2001இல் விமானங்களைக் கைப்பற்றியோர் அவர் குறிப்பிட்ட உடையுடன் வரவில்லை. ஏனைய பயணிகளைப் போன்றே மேனாட்டுடை அணிந்து வந்தனர். தீங்கு செய்யக் கருதியவன் தன்னை வேறுபடுத்திக் காட்டும் உடையை அணிந்து வருவதும் இயல்பன்று. தன் சமயத்தை உடையாற் புலப்படுத்தி அமைதியாக அமர்ந்திருக்கும் பயணியை நோக்கி எழும் அச்சம், அனுபவத்தினின்று பிறந்ததன்று. உருவங்களை ஒன்றோடொன்று பிணைத்துக்கொள்ளும் மனத்தின் பழக்கத்தினின்று பிறந்தது. வெள்ளையர் ஒருவர் கறுப்பின இளைஞனைத் தெருவிற் கண்டு அஞ்சுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. குடியுரிமைப் போராட்டத்தின் வரலாற்றை எழுதியவர் அவ்வொப்புமையை உணராதது வியப்பிற்குரியதே.

எனினும், அவர் அந்த அச்சத்தை நியாயம் என்று நிறுவ முற்படவில்லை. அதே உரையாடலில், தீவிரவாதிகளின் செயலுக்கு முஸ்லிம்கள் அனைவரையும் பொறுப்பாக்குதல் தகாதென்றும், ஒக்லகோமா நகரிற் குண்டு வைத்த ரிமதி மக்வேயின் செயலுக்குக் கிறித்தவர் அனைவரையும் யாரும் பழிப்பதில்லையே என்றும் ஓரைலியை மறுத்தும் பேசினார். வெளியே பரவிய துண்டத்தில் முற்பகுதி மாத்திரமே இருந்தது. ஒருவன் தன் உள்ளத்தில் உள்ள தப்பெண்ணத்தைப் பலரறிய ஒப்புக்கொள்வதற்கும், அதனைக் கொள்கையாக நாட்டுவதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. முன்னையதற்கு மறுமொழி கூறுதல் இயலும், கூறவும் வேண்டும். அவ்வானொலி நிலையத்திடம் அறிஞர் பலர் இருந்தனர். ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, வில்லியம்ஸையும் இஸ்லாமியர் ஒருவரையும் எதிரெதிரே அமர்த்தி அவ்வச்சத்தை ஆராய்ந்திருந்தால், அதே அச்சத்தைச் சொல்லாது மனத்தில் வைத்திருந்த கேட்போர் பலர் பயனடைந்திருப்பர். விடையிறுக்கத்தக்க கூற்றுக்கு விடையிறுக்காமல், கூறியவரை அகற்றியதே அந்நிலையத்தின் பிழை. அதனால் வில்லியம்ஸ் வாய் மூடினார், அச்சம் மூடவில்லை.

விளைவுகள் அதனையே காட்டின. பொக்ஸ் நிறுவனம் உடனடியாக மூன்றாண்டு காலத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தை வில்லியம்ஸுக்கு வழங்கியது. அவருடைய உணர்ச்சிகளை அவர் தம் உளமருத்துவருடன் வைத்துக்கொள்ளலாம் என்னும் பொருள்பட ஏளனமாகப் பேசிய நிலையத் தலைவி விவியன் ஷில்லர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பிறரை இழித்துரைத்தார் என்று ஒருவரை நீக்கியவரே, மனநோயாளரையும் அவரையும் ஒரே மூச்சில் இழித்துரைத்த இவ்விந்தையை அன்று பலர் சுட்டிக்காட்டினர். வில்லியம்ஸுக்குத் தொலைபேசியில் முடிவை அறிவித்த எலன் வைஸ் 2011 சனவரியிற் பதவி துறந்தார்; ஷில்லரும் வேறொரு சர்ச்சையின் விளைவாக மார்ச்சில் விலகினார். அம்மாதம் 17ஆம் திகதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவ்வானொலிக்கு அரசாங்கப் பணம் சென்றடைவதைத் தடுக்கும் பிரேரணையை 228க்கு 192 என்னும் வாக்குகளால் நிறைவேற்றியது. செனற் சபையில் அது நிறைவேறாது போயினும், பொது ஒலிபரப்பை வெறுத்தோர் கையில் ஒரு தடியை அந்நிலையமே எடுத்துக்கொடுத்ததாயிற்று.

அதே ஆண்டின் பிற நிகழ்ச்சிகளும் உடன்வைத்து எண்ணத்தக்கவை. சி.என்.என். நிறுவனத்தில் இருபதாண்டு பணிபுரிந்த ஒக்டேவியா நாசர், லெபனானிய சமயத் தலைவர் பத்லல்லா மறைந்தபோது அவர்பால் தமக்கிருந்த மதிப்பை ருவிற்றரிற் சில சொற்களில் எழுதினார். யூலையில் வேலை இழந்தார். பெண்களுக்கெதிரான கொலைகளை அச்சமயத் தலைவர் கண்டித்தமையையே தாம் கருதியதாக அவர் பின்னர் விளக்கினார். அவ்விளக்கம் ஒரு கட்டுரையாக விரிந்தது. ஆனால் அவர் நீக்கப்பட்டது கட்டுரைக்காக அன்று, சில சொற்களுக்காக. ஹெலன் தோமஸ் கெனடி காலந்தொட்டு வெள்ளை மாளிகைச் செய்தியாளராக விளங்கியவர். இஸ்ரேலியர் பலஸ்தீனத்தை விட்டு வெளியேறிப் போலந்துக்கும் ஜேர்மனிக்கும் செல்லல் வேண்டுமென்னும் பொருள்பட அவர் கூறியது ஒளிப்படக் கருவியிற் பதிவாகி வெளிப்பட, 89ஆம் வயதில், யூன் மாதத்திற் பணியினின்று ஓய்வு பெற்றார். ஐரோப்பிய யூதருக்குப் போலந்திலும் ஜேர்மனியிலும் நேர்ந்ததை அறிந்தோர் அக்கூற்றைப் பொறுத்தல் அரிது. இருப்பினும் வில்லியம்ஸ், நாசர், தோமஸ் ஆகிய மூவருடைய கூற்றுக்களும் ஒரே தன்மையினவா? ஒன்று அச்சத்தின் ஒப்புதல். ஒன்று இறந்தார்க்குச் செய்த அஞ்சலி. ஒன்று ஒரு மக்கட்கூட்டத்தின் இருப்பையே மறுக்கும் கூற்று. மூன்றிற்கும் கிடைத்த தண்டம் ஏறத்தாழ ஒன்றே. குற்றத்தின் அளவறிந்து தண்டத்தின் அளவு செய்வதே நீதியின் முதற்படி என்றால், அங்கே நடைபெற்றது நீதி வழங்கலன்று, வேறொன்று.

துண்டங்கொண்டு தீர்ப்பளிப்பதன் தீங்கை அவ்வாண்டு யூலையில் நிகழ்ந்த ஷேர்லி ஷெறொட் என்பாரின் கதை மேலும் விளக்கும். அவர் உரையாளரல்லர், விவசாயத் திணைக்கள அலுவலர், கறுப்பினத்தவர். வெள்ளை விவசாயி ஒருவருக்கு உதவ முன்னொரு காலத்தில் தமக்கிருந்த தயக்கத்தை அவர் ஒரு கூட்டத்திற் கூறிய பகுதி மாத்திரம் வெட்டியெடுக்கப்பட்டு வெளியிடப்பட்டது. அவர் பதவி விலகும்படி வற்புறுத்தப்பட்டார். முழுப்பேச்சும் வெளிவந்தபோது, அத்தயக்கத்தை வென்று அவ்விவசாயிக்கு உதவிய வரலாறே அப்பேச்சின் சாரம் என்பது புலனாயிற்று. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். வில்லியம்ஸை நீக்கியோர் மூன்று மாதங்களின் முன் நடந்த இதனை மறந்துவிட்டனர் போலும்.

இவ்வாறு கூறுவதனால் நீக்கங்கள் யாவும் தவறானவை என்பது பெறப்படாது. 2007 ஏப்பிரில் 4ஆம் திகதி டொன் ஐமஸ் செய்தது முற்றிலும் வேறு. முன்னாள் இரவு ரட்கர்ஸ் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்தாட்டக் குழு தேசிய இறுதிப் போட்டியில் விளையாடித் தோற்றிருந்தது. அக்குழுவினரிற் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அவர்தம் கூந்தலையும் கற்பையும் ஒருங்கே இழிவுசெய்யும் சொற்களை ஐமஸ் தம் காலை நிகழ்ச்சியில் நகைச்சுவையென எண்ணிக் கூறினார். இது கருத்துமன்று, அச்சத்தின் ஒப்புதலுமன்று. இதனை மறுத்து வாதிடுவது எங்ஙனம்? இருபது வயதளவினரான மாணவியர், எவருக்கும் எத்தீங்கும் செய்யாதோர், நாடு முழுவதும் கேட்கும் வானொலியில் இழித்துரைக்கப்பட்டனர். அவர்களிடம் வானொலி இல்லை. ‘சொல்லுக்குச் சொல்லே மருந்து’ என்று பேச்சுரிமையாளர் கூறுவது இருவரும் ஒரே மேடையில் நிற்கும்போது பொருந்தும். ஒருவர் ஒலிவாங்கியின் முன்னும் மற்றவர் வகுப்பறையிலும் இருக்கும்போது பொருந்தாது.

ஆயின் அந்நீக்கம் நடைபெற்ற முறையைக் கூர்ந்து நோக்குக. ஏப்பிரில் 9ஆம் திகதி சி.பி.எஸ். வானொலியும் எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சியும் அறிவித்தது இரண்டு வார இடைநிறுத்தம் மாத்திரமே. அதன்பின் பிறொக்ரர் அன்ட் காம்பிள், ஜெனரல் மோட்டர்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிறஸ் முதலிய நிறுவனங்கள் தம் விளம்பரங்களை மீட்டன. 11ஆம் திகதி தொலைக்காட்சியும் 12ஆம் திகதி வானொலியும் அவரைக் கைவிட்டன. 4ஆம் திகதி கூறப்பட்ட சொல்லின் இழிவு 9ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் வளர்ந்ததில்லை; வளர்ந்தது நட்டக்கணக்கு. மேலும், அவருடைய ஒப்பந்தமே அவருடைய பேச்சு பணிவற்றதும் சர்ச்சைக்குரியதுமாகும் என்பதை ஏற்றுக்கொண்டிருந்தது என அவர் சார்பில் எடுத்துக்காட்டப்பட்டது. துடுக்காகப் பேசுவதற்கென்றே கூலி கொடுத்து, துடுக்கு எல்லை மீறியவுடன் திகைத்தவர் போன்று நடிப்பது நேர்மையாகாது. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் வழக்கு சமாதானமாக முடிந்தது. திசெம்பரில் ஐமஸ் வேறொரு நிலையத்தில் மீண்டும் பேசத் தொடங்கினார்.

இவ்வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்க பகுதி ஒன்று உண்டு. பத்திரிகைகள் அதனை விரைவில் மறந்துவிட்டன. வானொலி நிலையம் அவரை நீக்கிய அன்று மாலை, நியூ ஜேர்சி ஆளுநரின் மாளிகையில் ஐமஸ் அம்மாணவியரையும் அவர்தம் பெற்றோரையும் பயிற்றுநர் விவியன் ஸ்ரிங்கரையும் நேரிற் சந்தித்தார். மூடிய கதவுகளின் பின் நெடுநேரம் பேச்சு நடந்தது. மறுநாள் குழுவினர் அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாக ஸ்ரிங்கர் அறிவித்தார். அஃதாவது, தீங்குற்றோர் தம் கருத்தைக் கூறுமுன்னரே தண்டம் நிறைவேறிவிட்டது. தண்டித்தோர் அவர்களைக் கேட்டறியவில்லை. நீக்கம் அவர்கள் பெயரால் நிகழ்ந்ததேயன்றி அவர்களுக்காக நிகழ்ந்ததன்று. இருதிறத்தாரையும் கேட்ட பின்னரே தீர்ப்பளித்தல் வேண்டும் என்பது உரோமர் காலந்தொட்டு வரும் நீதிவிதி. இங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர் ஓரளவு பேசினார், குற்றத்துக்கு இலக்கானோர் பேசும்வரை எவரும் பொறுத்திருக்கவில்லை.

இவ்விரு வகைகளிலும் அடங்காத மூன்றாவது வகைக்கு ஜிமி ஸ்னைடரின் பேச்சு எடுத்துக்காட்டு. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் விளையாட்டு உரையாளரான அவர் 1988 சனவரி 15ஆம் திகதி, மார்ட்டின் லூதர் கிங் பிறந்த நாளில், உணவகமொன்றில் அளித்த செவ்வியில், அடிமை முறைக் காலத்தில் உடையவர்கள் வலியோரை வலியோருடன் சேர்த்து இனம்பெருக்கியதனாலேயே கறுப்பின வீரர் மேம்பட்டனர் என்றார், மறுநாள் நீக்கப்பட்டார். அவருடைய கூற்று இழிவானது மாத்திரமன்று, பொய்யுமாகும். வரலாறென்று கருதிக் கூறப்பட்ட பொய். அத்தகைய பொய் உணவகங்களில் எத்தனை மேசைகளில் அன்று பேசப்பட்டதோ தெரியாது. வரலாற்றாசிரியரும் உடற்கூற்றறிஞரும் அதனை மறுத்துரைக்கும் நல்வாய்ப்பு, அவரை அகற்றியதுடன் முடிந்துபோயிற்று என்று கூறுதல் மிகையாகாது.

சட்டத்தின் நிலை யாது? அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் பேச்சுரிமையைக் காப்பது உண்மையே. ஆனால் அது அரசாங்கத்தின் கையை மாத்திரமே கட்டுகின்றது. தனியார் நிறுவனம் தன் ஊழியரை நீக்குவதை அது தடுக்காது. நீக்கப்பட்டோர் பலர் தம் அரசியலமைப்புரிமை பறிபோயிற்று என்று புலம்பியது சட்ட அறிவின்மையால் ஆயது. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதனால் ஒரு செயல் நன்றாகிவிடாது. ஜோன் ஸ்ருவாட் மில் 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்னும் நூலின் தொடக்கத்திலேயே, அரசின் கொடுங்கோன்மையினும் சமூகத்தின் கொடுங்கோன்மை தப்புவதற்கரியது என்று எச்சரித்தார். பேச்சுரிமையாளர் இதனையே அடிக்கடி எடுத்தாள்வர். அதே நூலின் பிற்பகுதியில் அவர் கூறும் இன்னோர் எடுத்துக்காட்டை மறந்துவிடுவர். தானிய வணிகர் ஏழைகளின் உணவைப் பறிப்போர் என்னும் கருத்து பத்திரிகையில் வெளிவரின் தடுக்கப்படலாகாது. அதே கருத்து தானிய வணிகனின் வீட்டு வாயிலிற் கொதித்துநிற்கும் கூட்டத்தின்முன் கூறப்படின் தண்டிக்கப்படலாம் என்றார் அவர். சொல் ஒன்றே, இடமும் கேட்போரும் வேறு. நீக்கங்களை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் சொல்லையே நிறுத்துப் பார்க்கின்றனர். மில் நிறுத்தது நிலைமையை.

நீக்கங்களுக்கு ஆதரவான வாதத்தில் வலிமையான பகுதி ஒன்றுண்டு; அதனைப் புறக்கணித்தல் முறையன்று. செய்தி நிலையத்தின் ஒலிவாங்கி பொதுச் சந்தியன்று. அங்கே யார் பேசுவது என்பதை ஒருவர் தெரிவு செய்தே ஆகவேண்டும். தெரிவு செய்வோருக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. கேட்போரின் நம்பிக்கையே செய்தியாளரின் முதல். முஸ்லிம் ஒருவர் வில்லியம்ஸின் ஆய்வைப் பின்னர் எவ்வாறு நம்புவார் என்று தேசிய பொது வானொலி கேட்டிருந்தால் அது தகுந்த கேள்வியே. ஆனால் அக்கேள்வியை அவரிடமே கேட்டு, அவர் மறுமொழியைக் கேட்போர் முன் வைத்து, அதன்பின் முடிவு செய்திருக்கலாம். இரண்டு நாட்களில் இவையெல்லாம் நடைபெறா. விரைவே இந்நீக்கங்கள் யாவற்றுக்கும் பொதுவான குணம். ஆராய்ச்சிக்கு வேண்டிய காலம் விளம்பரதாரருக்கு நட்டமான காலம்.

இவ்வாயுதத்தை ஒரு சாராரே ஏந்துகின்றனர் என்னும் எண்ணம் வரலாற்றுக்கு மாறானது. ‘அரசியற் சரியின்மை’ என்று பொருள்படும் பெயரையே தாங்கிய நிகழ்ச்சியை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் நடத்தியவர் பில் மார். 2001 செப்ரெம்பர் 17ஆம் திகதி, விமானங்களை மோதியோர் கொடியவரேயாயினும் கோழைகள் என்று அழைக்கப்படலாகாதென்றும், தொலைவில் இருந்து ஏவுகணை எறிதலே கோழைத்தனம் என்றும் பொருள்படப் பேசினார். பெடெக்ஸ், சியர்ஸ் ஆகிய நிறுவனங்கள் விளம்பரங்களை நிறுத்தின. மக்கள் தாம் பேசுவதிற் கவனமாயிருத்தல் வேண்டுமென வெள்ளை மாளிகைப் பேச்சாளர் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 2003 பெப்ருவரியில், ஈராக் போர் தொடங்குமுன், போரை எதிர்த்த பில் டொனகியூவின் நிகழ்ச்சியை எம்.எஸ்.என்.பி.சி. நிறுத்தியது, அந்நிலையத்தில் மிகுதியான நேயர்களைக் கொண்டிருந்த நிகழ்ச்சி அதுவே. போர்க்காலத்தில் அவர் நிலையத்தின் முகமாக விளங்குவது இடர் என்று கூறும் உட்குறிப்பு ஒன்றும் பின்னர் வெளிப்பட்டது. தேசப்பற்றின் பெயரால் நிகழ்ந்த இவற்றை அன்று யாரும் அரசியற் சரித்தன்மை என்று அழைக்கவில்லை. அழைத்திருத்தல் வேண்டும்.

2025 செப்ரெம்பர் 10ஆம் திகதி யூற்றா மாநிலத்தில் சார்லி கேர்க் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர் நடந்தவை இதனை மேலும் தெளிவாக்கின. வெறுப்பான சொற்கள் வெறுப்பான செயல்களுக்கு இட்டுச்செல்லும் என்னும் பொருள்பட அன்றே கருத்துரைத்த மத்தியூ டௌட் என்பாரை எம்.எஸ்.என்.பி.சி. நீக்கியது. ஏழு நாட்களின் பின்னர், கொலைபற்றி ஜிமி கிம்மல் கூறியதை முன்னிட்டு அவருடைய இரவு நிகழ்ச்சியை ஏ.பி.சி. இடைநிறுத்தியது. நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் ஆணைக்குழுவின் தலைவர் பிரெண்டன் கார், அன்றே நடவடிக்கை பற்றி வெளிப்படையாக எச்சரித்திருந்தார். இங்கே நிலைமை மாறுபடுகின்றது. ஐமஸை நீக்கியபோது அழுத்தியது வணிகம். இங்கே வணிகத்தின் தோளின்மேல் அரசாங்கத்தின் கை தெரிந்தது. முதலாவது திருத்தத்தின் பேச்சு உண்மையிற் பொருந்துவது இவ்விடத்திலேதான். நேயர் எதிர்ப்பு வலுத்ததனால் 23ஆம் திகதி கிம்மல் திரும்பினார்; டௌட் திரும்பவில்லை. அரசியற் சரித்தன்மையை முப்பதாண்டுகளாகக் கண்டித்தவர்களுட் பலர் இந்நீக்கங்களை வரவேற்றமையும், ஐமஸின் நீக்கத்தை வரவேற்றவர்களுட் பலர் இப்போது பேச்சுரிமை பேசியமையும் குறிப்பிடத்தக்கவை. இருசாராரும் கொள்கையை அன்று, இலக்கையே பார்த்தனர்.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகளென்று கருதுவோர்க்குக் கொழும்பில் நிகழ்ந்தது ஒன்றுண்டு. 2006 ஓகஸ்ற் மாதம் பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இடையே இரண்டாவது ரெஸ்ற் போட்டி நடைபெற்றது. அவுஸ்திரேலியாவின் முன்னாள் வீரர் டீன் ஜோன்ஸ் ரென் ஸ்போட்ஸ் நிறுவனத்துக்காக நேர்முக வருணனை செய்துகொண்டிருந்தார். தென்னாபிரிக்க வீரர் ஹசிம் அம்லா, குமார் சங்கக்காரவின் பிடியை எடுத்தபோது, பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெற் கிடைத்தது என்று ஜோன்ஸ் சொன்னார். விளம்பர இடைவேளை தொடங்கிவிட்டது, தம் குரல் வெளியே செல்லாது என்று அவர் எண்ணியிருந்தார். அம்லா தாடி வளர்த்தவர். தம் சமயநெறியைக் கடைப்பிடித்து, மதுபான நிறுவனத்தின் சின்னத்தை ஆடையில் அணிய மறுத்தவர். இந்திய வம்சாவளியிற் பிறந்து தென்னாபிரிக்க அணிக்கு விளையாடிய முதல்வர். தாடியும் பெயரும் தவிர அச்சொல்லுக்கு அவரிடம் வேறு ஆதாரம் எதுவுமில்லை.

வில்லியம்ஸ் அஞ்சியதும் ஜோன்ஸ் நகைத்ததும் ஒரே உருவத்தைக் கண்டுதான். ஆயின் வில்லியம்ஸ் பெயரற்ற பயணிகளைப் பற்றித் தம் மனத்தை உரைத்தார். ஜோன்ஸ் தம் கண்முன் விளையாடிக்கொண்டிருந்த ஒருவர்மீது பெருங்குற்றத்தின் பெயரை ஏற்றினார். இடைவேளையிற் பேசியமை அவருடைய நோக்கத்தின் கடுமையைக் குறைக்கலாம். ஆனால் கேட்கமாட்டார்கள் என்று எண்ணிப் பேசுவதே உள்ளத்தின் இயல்பான பேச்சென்று கொள்வோரையும் மறுப்பதற்கில்லை. அவர் உடனே தவறென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அம்லா அதனை ஏற்றார். நிறுவனம் அவரை உடனே நீக்கிவிட, ஆட்டம் முடியுமுன் கொழும்பை விட்டுப் புறப்பட்டார். இலங்கை 352 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடி ஒரே விக்கெற்றால் வென்ற அப்போட்டியின் இறுதிநாளை வருணிக்க அவர் அங்கிருக்கவில்லை. பின்னர் பிற நிலையங்கள் அவரை ஏற்றுக்கொண்டன. 2020 செப்ரெம்பரில் மும்பையில், வருணனைப் பணியில் இருக்கும்போதே காலமானார். அதற்கு முந்திய ஆண்டிற் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்ற அம்லா 124 ரெஸ்ற் போட்டிகளில் ஆடி 9,000க்கு மேற்பட்ட ஓட்டங்களைக் குவித்திருந்தார்.